ஆகாய மார்க்கமாக வந்த மாப்பிள்ளை

பங்கிராஸ் இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்துப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "மன்னிச்சுக்கங்க மாமா. ஏரோப்பிளான் எரைச்சல் இன்னும் அடங்கலை. என்ன கேட்டீங்க?"

"கொழும்புலேருந்து எப்பப் பொறப்பட்டேன்னு கேட்டேன்" என்றார் அந்தோணிமுத்து.

ஆவூர்ப் பக்கத்தில் பேர்போன மாட்டுத் தரகர் அவர். ஒரே மகள் சந்தனமேரி. அவளைப் பங்கிராசுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று அவர் இன்று வாய் திறந்தால்தான் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் இன்னாருக்கு இன்னார் என்று கல்யாண ஓலை வாசிப்பார். கொழும்புக் கடையில் மூட்டை தூக்கிய பங்கிராஸ் அதற்காகவே ஊர் திரும்பியிருந்தான். வெறுங்கையோடு வந்தவனுக்கு வேறு வழி தெரியவில்லை, வானத்தில் ஏறிவிட்டான்.

"காலைப் பலகாரம் முடிச்சுத்தான் மாமா."

"கப்பலு, ரயிலுன்னு மாறி மாறி வந்தா ரெண்டு நாளு ஆகுமே?"

"அது சுத்து வழி. மேல ஏது வளைவு? கொழும்புக்கும் திருச்சிக்கும் முந்நூறு மைல்கூட இல்லை. ரெண்டே மணி நேரம். எலையில கட்டுன இடியாப்பத்தைத் திருச்சியில பிரிக்கிறேன், ஆவி பறக்குது!"

அந்தோணிமுத்து வாசலைப் பார்த்தார். மறுநாள் சந்தைக்குப் போகவேண்டிய கிழட்டு மாடு ஒன்று கொம்பு சீவி, உடம்பெல்லாம் எண்ணெய் மினுமினுக்க, இளங்காளைக் களையோடு நின்றது.

"வர்ற வழியில நம்ம ஊரு தெரிஞ்சுச்சா?"

"தெரியாம? 'தொரை, கொஞ்சம் மெள்ள'ன்னு ஓட்டுற வெள்ளைக்காரன்கிட்டச் சொன்னேன். நல்ல மனுசன், நிறுத்தியே காட்டுனான்."

"நிறுத்துனானா?"

"சிலுவை போட்டுக்கிற நேரந்தான் மாமா. நம்ம மாதா கோயிலுக்கு நேர் மேல. அப்பத்தான் பாத்தேன், சந்தனமேரி கொல்லையில செவப்புச் சீலை காயப்போட்டுக்கிட்டு இருந்துச்சு."

கதவுக்குப் பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு. "எங்கிட்டச் செவப்புச் சீலையே இல்லைப்பா!"

"அம்புட்டு ஒசரத்துலேருந்து பாத்தா எல்லாச் சீலையும் செவப்புத்தான்" என்றான் பங்கிராஸ், இமைக்காமல்.

அந்தோணிமுத்து முன்னால் சாய்ந்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவன் கண்ணையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

முந்நூறு மைலை அலட்சியமாகத் தாண்டி வந்தவனால் இருவருக்கும் நடுவில் இருந்த மூன்றடியைத் தாண்ட முடியவில்லை. பொத்தென்று அவர் காலில் விழுந்தான்.

"மாமா! ஏரோப்பிளானை நான் கிட்டத்துல கண்டதுகூட இல்லை. கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டே வந்தேன். ரயில்ல ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டே வந்தேன். கீரனூர் டேசன்ல எறங்கி நடந்து வந்தேன். பஞ்சுகூட வழியில பொறுக்குனதுதான். இனிமே செத்தாலும் பொய் சொல்ல மாட்டேன். பொண்ணைக் குடுங்க மாமா!"

அந்தோணிமுத்து நீளமாகப் பெருமூச்சு விட்டார். அவனைத் தூக்கி நிறுத்தி, சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நல்லாத்தானய்யா போய்க்கிட்டிருந்தே! சும்மா பாத்ததுக்கே உண்மையைக் கக்குற மருமகனை நான் எப்படி மாட்டுச் சந்தைக்குக் கூட்டிக்கிட்டுப் போவேன்?"