மேயர் மட்டும்தான்

மூன்றாவது நாளாகச் சிங்வாங் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். கிண்ணம் மடியில், கண் போன்மேல். இறைச்சிச் சாறு சட்டையில் சிந்தியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"குப்பை வண்டி வர்ற நேரம்," என்றாள் மனைவி பாவ்ஜூ. "இன்னைக்காவது பையைக் கொண்டுபோய்ப் போடுறீங்களா? காலையிலேருந்து கடையில நின்னு காலெல்லாம் வீங்கிக் கெடக்கு."

"நான் அந்தப் பக்கம் போவேன், இந்தப் பக்கம் மணி அடிக்கும். நீ எடுத்து எதையாவது உளறி வைப்பே."

தெற்கே ஜியாயி நகரத்தில் வான்கோழிச் சோறு விற்று முப்பது வருஷம் குடும்பத்தை இழுத்தவளுக்கு போனில் இரண்டு வார்த்தை பேசத் தெரியாதாம். மனுஷன் இந்த மூன்று நாளாகக் குளிப்பதும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான்.

அதிபர் தேர்தலில் தங்கள் கட்சி யாரை நிறுத்துவது என்று வீட்டு போன்களுக்குக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். மேயரம்மாவா, பேராசிரியரா என்பது கேள்வி. 'மேயர் மட்டும்தான் என்று சொல்லுங்கள்' என்ற நோட்டீசைச் சுவரில் ஒட்டி, அதன் கீழே சிங்வாங் காவல் இருந்தார்.

பக்கத்து வீட்டு ஆஷெங் தேநீர்க் குவளையோடு உள்ளே வந்தார். அவரும் மேயர் பக்கம்தான், ஆனால் நம்பிக்கை போனவர்.

"அண்ணே, நேத்து எனக்கு சர்வே வந்துது."

சிங்வாங் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "சொன்னியா?"

"எங்க சொல்ல விட்டான். எடுத்ததும் மொதக் கேள்வியே வயசுதான். அறுபத்திமூணுன்னேன். உங்க வயசுல போதுமான ஆளுங்க கெடைச்சாச்சு, சின்ன வயசுக்காரங்க இருந்தா குடுங்கன்னான். இல்லைன்னதும் வெச்சுட்டான்."

"அம்பதுன்னு சொல்லித் தொலைக்கிறதுதானே."

"என் இருமலைக் கேட்டா எழுபதுன்னுல்ல எழுதுவான்." ஆஷெங் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மனசுல பட்டதைச் சொல்றேன் அண்ணே. மேயரம்மா தேறாது. தெக்க பூரா நம்ம கைதான். ஆனா தைபேயில சின்னப் பசங்க அத்தனை பேரும் பேராசிரியர் பின்னாடி."

"சின்னப் பசங்க வீட்டுல ஏதுடா இந்த மாதிரி போன்? எழுதி வெச்சுக்க. ரெண்டு புள்ளி வித்தியாசத்துல மேயர்தான்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

போன தடவை என்றதும் பாவ்ஜூ குப்பைப் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். அப்போதும் இதே இருவர்தான் மோதினார்கள். புத்தாண்டு விருந்தில் மகள் ஜியாலிங் பேராசிரியர் பேரை எடுக்க, "அவன் பேரைச் சொல்ற வாய்க்கு இந்த வீட்டுல சோறு கெடையாது" என்று சிங்வாங் கத்தினார். அவள் அன்றைக்கே தலைநகர் தைபேக்கு ரயில் ஏறினாள்.

நான்கு புத்தாண்டு போயிற்று. அம்மாவின் கைபேசிக்கு மட்டும் பேசுவாள். "உங்கப்பா போனைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கார்டி" என்று நேற்றுக்கூட பாவ்ஜூ அவளிடம் புலம்பினாள். இந்தத் தேர்தலும் முடிந்துபோகும், இவர் ஜெயிக்கவோ தோற்கவோ போகிறார், பெண் மட்டும் வரப்போவதில்லை. நினைக்கவே களைப்பாக இருந்தது.

போன் மணி அடித்தது.

சிங்வாங் பாய்ந்து எடுத்தார். "ஹலோ. சர்வேங்களா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, நின்றது நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி. கேளும்மா."

ஆஷெங் எழுந்து போய்ச் சுவரிலிருந்த நோட்டீசை விரலால் தட்டிக் காட்டினார். சிங்வாங் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஆமா, ஓட்டு இருக்கு. வீட்டுல ரெண்டு பேருதான்... இல்ல, இப்ப வேற யாரும் இல்ல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ம். அதையும் கேளு."

மூன்று நாள் ஒத்திகை பார்த்த வசனம் இப்போது தெருவுக்கே கேட்கப்போகிறது என்று பாவ்ஜூ காத்திருந்தாள்.

"பேராசிரியருக்குத்தான்," என்றார் சிங்வாங்.

ஆஷெங்கின் தேநீர் தரையில் சிந்தியது.

"ஆமாம்மா, யோசிச்சுத்தான் சொல்றேன். பேராசிரியர்தான். எழுதிக்க." போனை இரண்டு கையாலும் பிடித்து, சத்தம் வராமல் வைத்தார்.

"புத்தி பேதலிச்சுப் போச்சா அண்ணே?" ஆஷெங்குக்கு மூச்சு வாங்கியது. "மூணு நாளாத் தவம் கெடந்து அடுத்தவனுக்குத் தூக்கிக் குடுத்துட்டீங்களே. மேயரம்மாவுக்கு ஒரு ஓட்டு போச்சே."

"ஒண்ணும் போகலை."

பாவ்ஜூவுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. "உங்க வயசைக் கேட்டதும் எப்படி வெக்காம விட்டாங்க?"

"வயசு கேக்கலை."

தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. சிங்வாங் எழுந்தார். மூன்று நாளாகத் தொடாத குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு செருப்பை மாட்டினார். அவர் கண் கலங்கியிருப்பதை பாவ்ஜூ அப்போதுதான் பார்த்தாள்.

"சர்வேக்காரங்க கேட்டா மேயர்னுதான் சொல்லுவேன்," என்றார். "இப்ப சர்வேன்னு கூப்பிட்டுக் கேட்டது நம்ம ஜியாலிங்."