ஒரு வாய்த் தண்ணீர்

நெய்வேலி ஷிப்ட் பஸ்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட மாதா கோயில் சாமியார் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள், குறைமாதக் குழந்தையை ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள்.

“ஞானஸ்நானம் இல்லாமப் போய்ச் சேர்ந்தா எம்பேரனுக்கு மோட்சம் ஏது சாமி?” லூசியம்மாள் அலறினாள்.

“கொடுத்தாச்சுங்க,” என்றாள் நர்ஸ். “பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேரால ஞானஸ்நானம் தரேன்னு சொல்லித் தலையில தண்ணி ஊத்துனாங்க.”

“யாரு? அவங்க கால்ல விழறேன்.”

“ஒங்க மருமவ இளவேனில்தான்.”

“அவளே ஞானஸ்நானம் வாங்காத இந்துப் பொண்ணாச்சே! அது செல்லுமா சாமி?”

“உயிருக்கு ஆபத்துன்னா யார் ஊத்துனாலும் செல்லும்மா.”

லூசியம்மாள் மருமகளின் கட்டிலருகே போய் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து இளவேனில் கையால் அவள் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை.

“எனக்குத் தொண்டை காயுது. ஒங்கையால கொஞ்சம் தண்ணி குடும்மா.”