சொல்லிக்கொள்ளாமல்

கேட்டைத் திறந்துவிட்டு அவள் பின்னால் நகர்ந்து நின்றாள்.

வா என்ற சொல் வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

துக்க வீட்டில் வா என்று சொல்லக் கூடாது. எத்தனை மாதம் கழித்து வந்தாலும், முதல் தடவை வருகிறவருக்கு அது துக்க வீடுதான். வந்தவர் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வார். வீட்டுக்காரியும் கட்டிக்கொண்டு அழுவாள். அதுதான் வரவேற்பு.

செண்பகம் ஓடி வரவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றினாள். கைப்பையிலிருந்து சானிடைசரை எடுத்து விரல் இடுக்கு வரை தேய்த்தாள். மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளே வந்தாள்.

இறந்துபோன புருஷனின் ஒரே தங்கை. சங்கரன்கோவிலிலிருந்து செண்பகத்தை அவள் மகன் காரில் கூட்டி வந்திருந்தான். அவன் இறங்கவில்லை. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதாம்.

மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்று அப்போதுதான் அறிவித்திருந்தார்கள். தளர்வு, தளர்வு என்று டிவியில் நாள் முழுக்க ஓடியது. பஸ் ஓடலாம். சலூன் திறக்கலாம். நகைக்கடைகூடத் திறக்கலாம், ஏ.சி. மட்டும் போடக் கூடாது. கட்டிப்பிடித்து அழலாமா என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

அவள் இன்னும் அழுது முடிக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், ஆரம்பிக்கவே இல்லை.

அவர் போன அன்று அவளும் அதே காய்ச்சலில் வீட்டில் கிடந்தாள். அழாதீங்கம்மா, அழுதால் மூச்சு வாங்கும், ஆக்ஸிஜன் இறங்கிவிடும் என்று டாக்டர் போனில் சொன்னார். விரலில் மாட்டிய கருவியில் எண்ணைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். அவரை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். யார் கொண்டுபோனார்கள் என்று தெரியாது. முகம் பார்க்கவில்லை.

பிறகு சொந்தக்காரர்கள் வீடியோ காலில் துக்கம் விசாரித்தார்கள். நடுவில் நெட் போய்விடும். அழுகிற முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். அவளுக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. அந்த வெட்கக்கேட்டை யாரிடம் போய்ச் சொல்வது.

செண்பகம் வரட்டும் என்று அழுகையை எடுத்து வைத்திருந்தாள்.

செண்பகத்தோடு அவளுக்குப் பழைய சண்டை. கல்யாணத்துக்கு எடுத்த புடவை மட்டம் என்று நாத்தனார் அன்றைக்கே ஆரம்பித்தது. இருந்தால் என்ன. அண்ணே என்று சொல்லி மாரில் அடித்துக்கொள்ள அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள். பிள்ளை குட்டியும் இல்லை. இவள் வந்து தோளில் விழுந்தால் போதும், மிச்சம் தானாக வந்துவிடும்.

அதற்காக ஹாலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒட்டிப் போட்டிருந்தாள்.

செண்பகம் ஒன்றை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஊசி போட்டாச்சா என்று கேட்டாள். போட்டாச்சு என்றாள். இரண்டாவது ஊசிக்குக் காய்ச்சல் வருமாமே என்றாள். வரும் என்றுதான் சொல்கிறார்கள் என்றாள்.

அண்ணன் கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள் செண்பகம்.

தெரியவில்லை என்றாள். அங்கே என்ன கொடுத்தார்களோ.

அதற்குத்தான் செண்பகம் அழுதாள். மாஸ்க் உள்ளே இழுபட்டது, புடைத்தது. துணியில் ஈரம் பரவியது.

அவள் எழுந்து ஓரடி வைத்தாள்.

செண்பகத்தின் கை சட்டென்று உயர்ந்தது. நீட்டுகிறோமா தடுக்கிறோமா என்று அந்தக் கைக்கே தெரியவில்லை.

அவள் உட்கார்ந்துவிட்டாள். வந்த அழுகை நின்றுவிட்டது. பாவி, ஒரு தடவை தொட்டால் என்ன குறைந்து போகும் என்று மனசுக்குள் திட்டினாள். அந்தக் கைக்குழந்தையின் நினைப்பு வந்தது. திட்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

வெளியே ஹாரன் அடித்தது.

செண்பகம் எழுந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒன்றும் பேசாமல் வாசலைப் பார்த்து நடந்தாள்.

முறை அதுதான். துக்க வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அதே வீட்டுக்கு இன்னொரு சாவுக்கு வர வேண்டியிருக்கும் என்பார்கள்.

அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் தாங்கவில்லை. வா என்று சொல்லக் கூடாது, தொடக் கூடாது, போகும்போதும் வாய் திறக்கக் கூடாது என்றால் மனுஷி எதைப் பிடித்துக்கொண்டு இருப்பாள்.

"போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போ, செண்பகம்."

செண்பகம் வாசற்படியில் நின்றாள். திரும்பினாள். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினாள்.

அவருடைய அதே உதடு.

"அந்த ஒரு வார்த்தைய மட்டும் கேக்காதீங்க மதினி. இனி இந்த வீட்ல நீங்க ஒருத்திதானே இருக்கீங்க."

சொல்லிவிட்டு மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அவள் கேட்டைக்கூடப் பூட்டவில்லை. உள்ளே வந்து, ஜன்னலோரம் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

செண்பகம் உட்கார்ந்திருந்த சூடு இன்னும் இருந்தது.

நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் வந்தது.

சூடு ஆறுவதற்குள் அழுது முடித்துவிட வேண்டும்.