வெட்டாமல் விட்ட செடி

மண்வெட்டி வேரில் பட்டுத் துள்ளியது.

அவள் மறுபடியும் ஓங்கினாள். கிளைகளை நேற்றே வெட்டிப் போட்டாயிற்று. ஆனால் வெள்ளிலைக்கு வேர் மிஞ்சினால் போதும், அடுத்த மழைக்குத் தளிர்த்துவிடும். அப்படியொரு பிடிவாதம் பிடித்த செடி.

ஓடைக்கரையிலிருந்து ஒரு குச்சியாகக் கொண்டுவந்து அவள்தான் நட்டாள். எங்கு பார்த்தாலும் தேயிலையாகவே இருக்கிற எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், வீட்டின் பின்னால் அவளுக்கென்று இருந்த தோட்டம் இந்த ஒற்றைச் செடிதான். சின்னதாக ஆரஞ்சுப் பூ. பக்கத்திலேயே உள்ளங்கை அகலத்துக்குப் பாலாய் வெளுத்த இலை. பார்த்தவர்கள் இலையைத்தான் பூ என்றார்கள்.

சிறுத்தை நடமாடுகிறது, லயத்தைச் சுற்றியுள்ள புதர்களையெல்லாம் வெட்டுங்கள் என்று மழைக்கு முன்பு உத்தரவு வந்தது. வெட்டினார்கள். இதை மட்டும், வேலையை மேற்பார்த்த கங்காணி விட்டுவிட்டுப் போனார்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. தப்பித்ததே என்று சந்தோஷப்பட்டாள்.

வெட்கங்கெட்ட சந்தோஷம்.

போன வாரம், இருட்டுகிற நேரம், சிறுத்தை இதற்கடியில்தான் படுத்திருந்தது. பக்கத்து வீட்டு ஜெயக்கொடியின் மகள் ரஞ்சனி, சாப்பிட்ட கையைக் கழுவ வெளியே வந்தாள்.

தேயிலைக்குள் தேடிக் கண்டுபிடித்தபோது பிள்ளைக்கு உயிர் இல்லை.

கங்காணியின் காலைப் பிடித்து இவள்தான் செடியைக் காப்பாற்றினாள் என்று லயமே பேசியது. ரஞ்சனியின் அப்பா முனியாண்டி வாசலில் வந்து காறித் துப்பிவிட்டுப் போனான். நான் கேட்கவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். யார் நம்புவார்கள்? குழாயடிக்கு அவள் போனால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

எதிரே யாரோ வந்து நின்றார்கள்.

ஜெயக்கொடி.

மகளைப் புதைத்த பிறகு இன்றுதான் வெளியே வருகிறாள். திட்டட்டும், அடிக்கட்டும். அவள் மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

ஜெயக்கொடி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வேரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். தலை நிமிரவில்லை.

"இந்த எலையத் தலையில வச்சாத்தான் பள்ளிக்கூடம் போவேன்னு நிப்பாக்கா பாப்பா. நாந்தான் கங்காணிகிட்டப் போயி, வெட்ட வேணாம்னு கெஞ்சினேன்."

ஜெயக்கொடி மறுபடியும் இழுத்தாள். வேர் கையோடு வந்தது.

"எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்னயக் கொன்னே போட்ருவாரு. கங்காணி வாயத் தொறக்க மாட்டாரு, தொறந்தா அவரு வேலை போயிரும். நீங்க கேட்டதாவே இருக்கட்டும்க்கா."

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. லயத்துக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டும்.

பக்கத்து வீட்டில் கதவு திறந்தது. முனியாண்டி இருமுவது கேட்டது.

அவள் குனிந்து, ஜெயக்கொடியின் கையிலிருந்து வேரை வாங்கிக்கொண்டாள்.

"உள்ள போ புள்ள. எங்கூட நிக்கிறதப் பாத்தா உன்னயத் திட்டுவாரு."