டாங்கியின் அடிப்பக்கம்

எடுத்த எடுப்பிலேயே சுமித்திரா பொம்மை டாங்கியைக் கவிழ்த்துப் பிடித்தாள். கோகுலனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது.

மூன்று மாதமாக வாங்க வந்தவர்கள் எல்லாரும் குழலைப் பிடித்து ஆட்டினார்கள், சங்கிலி சுற்றுமா என்று நிலத்தில் உருட்டினார்கள். விஷயம் தெரிந்த ஆள்தான் முதலில் அடியைப் பார்ப்பார். செய்த கம்பெனியின் பெயரும் அளவும் அங்கேதான் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும்.

புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்து இரண்டு பஸ் மாறி நெளுக்குளம் வந்திருந்தாள். வெடித்த குதிக்கால், கச்சான் செடி பிடுங்கிக் காய்த்த கை, தோளில் ஒரு துணிப்பை. இப்படி ஒருத்தி டாங்கி சேர்ப்பாள் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் கோகுலன் சிரித்திருப்பான்.

கண்ணாடி அலுமாரிக்குள் நாற்பத்தொரு டாங்கிகள் நின்றன. எல்லாம் உள்ளங்கை அளவு, வார்த்த உலோகம். முதல் இரண்டும் சுவிஸ் மாமா அனுப்பியது, மிச்சமெல்லாம் முழங்கால் தேயத் தேய டைல்ஸ் பதித்த கூலியில் வாங்கியது. உண்மை டாங்கி ஒன்றைக் கிட்ட நின்று அவன் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை அவனுக்கு வேலைக்காக ருமேனியாவுக்கு விமானம். அதற்குள் அருமை தெரிந்த ஒருவர் கையில் ஒப்படைக்காவிட்டால், அவன் தலை மறைந்த மறுநாளே அம்மா எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவா. அந்த நினைப்பில் அவனுக்கு ஒரு கிழமையாகச் சோறு இறங்கவில்லை.

குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இரும்புக்கடைக் கலந்தர் நானா நிறுத்து எடுக்கிறன் எண்டவர். அதையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லு!"

"அவா கிடக்கட்டும் அக்கா. நீங்கள் ஆறுதலாப் பாருங்கோ."

அவள் ஆறுதலாகத்தான் பார்த்தாள். டைகர் என்ற டாங்கியை எடுத்தாள், ஷெர்மனை எடுத்தாள். ஒவ்வொன்றையும் தலைக்கு மேலே தூக்கி, அண்ணாந்து அடியைப் பார்த்தாள். பொடி எழுத்துக்கு யன்னல் வெளிச்சம் போதவில்லையாக்கும் என்று கோகுலன் ஓடிப்போய் லைற்றைப் போட்டான்.

"பேஸ்புக்கில எல்லாத்தையும் படம் எடுத்துப் போட்டனான். பாக்கேல்லையோ?"

"பக்கத்து வீட்டுப் பெட்டை காட்டினவள். படத்தில முன்னும் பக்கமும்தானே தெரியுது. அது எனக்கு உதவாது, தம்பி."

சரியான ஆள்தான் என்று அவன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

"எதைத் தேடுறீங்கள்? பேரைச் சொல்லுங்கோ, எடுத்துத் தாறன்."

"பேர் தெரியாமத்தான் இவ்வளவு வருசமும் அலையிறன். கண்டால் சொல்லுவன்."

அவன் டி-55 ரக டாங்கி ஒன்றை நீட்டினான். அதைத் தூக்கிப் பார்த்தவளின் கை அப்படியே நின்றது. பிறகு தலையை ஆட்டினாள்.

"சில்லெல்லாம் சரி. ஆனா இதின்ர அடி வெறும் தட்டையாக் கிடக்கு. முன்பக்கம் தள்ளி, ஒரு கரையில சின்ன மூடி ஒண்டு இருக்கோணும்."

கோகுலன் அலுமாரிக்கு ஓடினான். மேல் தட்டில் பஞ்சு சுற்றி வைத்திருந்த பெட்டியை இறக்கினான். அதுவும் டி-55தான், ஆனால் விலை கூடினது, அச்சு அசலாகச் செய்தது.

"ஓட்டுறவன் தப்பி இறங்கிற மூடி அக்கா அது! உதைத் தெரிஞ்ச ஆக்கள் இந்த நாட்டில பத்துப் பேர் இருக்கமாட்டினம்."

அவள் அதை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே மேலே பிடித்தாள்.

"இதுதான்," என்றாள். "இந்த மூடிக்குப் பக்கத்தால எண்ணெய் ஒழுகும்."

"பொம்மையில எண்ணெய் ஒழுகாது அக்கா," என்று கோகுலன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அவனுக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. "காசு வேண்டாம். நாப்பத்தொண்டையும் கொண்டு போங்கோ. ஓட்டோ பிடிச்சு பஸ் ஸ்ராண்ட் மட்டும் நானே ஏத்தி விடுறன். உங்களிட்டக் குடுத்திட்டுப் போனாத்தான் எனக்கு அங்க நித்திரை வரும்."

"மற்றதுகள் எனக்கு வேண்டாம். இது ஒண்டு காணும்." அவள் டாங்கியைப் பைக்குள் வைத்தாள். "இதின்ர பேரை ஒரு துண்டில பிழையில்லாமல் எழுதித் தாங்கோ, தம்பி. பேர் இல்லாமல் வந்தால் ஒபிசில பதியமாட்டினமாம்."

எந்தச் சங்கத்தில் பதியப் போகிறாள் என்று அவன் கேட்கவில்லை. கொழும்பில் இப்படிச் சேர்ப்பவர்களுக்கு ஏதோ சங்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தான். பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தான்.

அவள் துண்டை நாலாக மடித்தாள். ஒரேயொரு கேள்வி மட்டும் அவனைக் குடைந்தது.

"எந்த நாட்டு மியூசியத்தில அக்கா பாத்தனீங்கள்? கிட்டப் போனாலும் மேலும் பக்கமும்தானே தெரியும். அடியைப் பாக்க ஒருத்தரையும் விடாங்களே."

சுமித்திரா வாசலில் செருப்பைக் கொழுவிக்கொண்டே சொன்னாள்.

"நாங்கள் உள்ளுக்க இருக்க, எங்கட பங்கருக்கு மேலதான் ஏறி நிண்டது, தம்பி."