காலையிலிருந்து காணோம்

கணவரிடம் கோபித்துக்கொண்டு கிளம்பிய அக்கா கார் ஓட்டினாள். பூனைக்கூடை தங்கையின் மடியில் இருந்தது. ஐந்து மணி நேரமாகக் கத்திய பூனை இப்போதுதான் தூங்கியது.

"இதை ஏன்க்கா தூக்கிட்டு வந்தே?" என்றாள் தங்கை.

"அந்த வீட்ல என்கூடப் பேசற ஒரே ஜீவன்."

"மாமா தேடினா?"

"எங்கேன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும், வண்டியைத் திருப்பிடுவேன்."

தங்கையின் கைபேசி ஒலித்தது. ஸ்பீக்கரில் மாமாவின் குரல் தழுதழுத்தது.

"காலையிலேர்ந்து காணோம்மா. தெருத்தெருவாத் தேடிட்டேன். அவ இல்லாம சாப்பாடே இறங்கல."

அக்கா வேகத்தைக் குறைத்து, திரும்புவதற்கு இண்டிகேட்டரைப் போட்டாள்.

"அழாதீங்க மாமா. அக்கா எங்கூடத்தான் இருக்கா."

"அக்காவா? அவ எப்பப் போனா? நான் பூனையைக் கேக்கறேன்."

அக்கா இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேராகப் போனாள்.