சங்கீதம் தெரியாதவர்களுக்கு மட்டும்

"குளிருக்குப் பேர்போன மின்னசோட்டாவுலயே இன்னைக்கு வேர்த்து ஊத்துது. கழுத்துல என்னடி துணி? யாரு கடிச்சது?" அறைத்தோழி டெஸ்ஸா எட்டி இழுத்தாள்.

இங்ரிட் அவள் கையைத் தட்டிவிட்டாள். தாடைக்குக் கீழே சிவந்து தடித்திருந்தது, பதினோரு வருட வயலின் பதித்த தழும்பு.

அவள் இன்று சேரப்போகும் இசை வகுப்பு, இசையே அறியாத பிற துறை மாணவர்களுக்கு. தெரிந்தவர் என்று முதல் நாள் சோதனையில் பிடிபட்டால் வெளியே. வேதியியலில் வாங்கிய 'சி'யை இங்கே ஒரு சுலபமான 'ஏ'யால் ஈடுகட்டாவிட்டால், மருத்துவக் கல்லூரியை இங்ரிட் மறந்துவிட வேண்டியதுதான்.

"பொய் சொல்றோமேன்னு உறுத்தலையாடி?" என்றாள் டெஸ்ஸா.

"இதுல உறுத்த என்ன இருக்கு? கைதட்டத் தெரிஞ்சாலே பாஸ் போடற வகுப்பு!"

வகுப்பில் பேராசிரியர் லுண்ட் தாள்களைக் கொடுத்துவிட்டுப் பியானோ முன் உட்கார்ந்தார். "ரெண்டு ஸ்வரம் வாசிப்பேன். எது உசரம்னு டிக் பண்ணுங்க. பயப்படாதீங்க."

இங்ரிட் மூன்றுக்கு ஒன்றை வேண்டுமென்றே தப்பாகக் குறித்தாள்.

பியானோவில் நடுக்கட்டை ஒன்று சுருதி இறங்கிக் கிடந்தது. மற்றவர்கள் நிம்மதியாகச் சூயிங்கம் மென்றுகொண்டிருக்க, அது ஒலிக்கும்போதெல்லாம் அவளுக்கு மட்டும் பல்லிடுக்கில் மணல் நெரிந்தது போலிருந்தது. லுண்ட்டோ ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் புன்னகைத்தபடி, திரும்பத் திரும்ப அந்தக் கட்டைக்கே வந்தார்.

இதுகூடக் காதில் விழவில்லையா இந்த மனிதருக்கு? மூக்கில்லாதவர் சென்ட் விற்க வந்திருக்கிறார் என்று நினைத்தபோது அவளுக்குள் தித்தித்தது. இப்படிப்பட்டவரை ஏமாற்றுவது ஏமாற்றே இல்லை. காலையிலிருந்து மனதில் கிடந்த சின்ன உறுத்தலும் அந்த இளக்காரத்தில் கரைந்துபோயிற்று.

வகுப்பு முடிந்தது. எல்லோருடைய தாள்களையும் வாங்கிய லுண்ட், இங்ரிட்டிடம், "நீ மட்டும் கொஞ்சம் இரும்மா" என்றார்.

மற்றவர்கள் போனதும், ஒன்றைக்கூடப் பார்க்காமல் மொத்தத் தாள்களையும் குப்பைக் கூடையில் போட்டார்.

"நாளைலேருந்து நீ வேற வகுப்பு பாத்துக்கோ."

இங்ரிட்டின் கை தானாகக் கழுத்துத் துணியை இறுக்கியது. "ஏன் சார்? நீங்க என் தாளைப் பாக்கவே இல்லையே!"

லுண்ட் ஒற்றை விரலால் அந்த நடுக்கட்டையை அழுத்தினார். அடக்குவதற்குள் அவள் முகம் சுளித்துவிட்டது.

"வருஷா வருஷம் இந்த ஒரு கட்டையை நானேதாம்மா சுதி இறக்கி வைப்பேன்."